“குழந்தையை முதலில் பாரும்மா”

அன்புள்ள அக்கா,

கணவரைப் பிரிந்து ஒரு வருஷமாகிறது. மகளுக்கு ஏழு வயது. குடும்ப நல நீதிமன்றத்தில் ஜீவனாம்ச வழக்கும், பிள்ளை யாரிடம் இருப்பது என்ற வழக்கும் நடக்கின்றன. கவுன்சலிங்கில், பள்ளியில், சொந்தத்தில் எல்லாரும் பாப்பாவைத்தான் விசாரிக்கிறார்கள். எனக்குத் தூக்கமே வருவதில்லை என்று ஒருமுறை சொன்னேன். “குழந்தையை முதலில் பாரும்மா” என்றார்கள். என்னைப் பற்றி நினைப்பது சுயநலமா?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

இல்லவே இல்லை.

பிள்ளையின் நலனே முதன்மை என்று 1956-ஆம் ஆண்டின் இந்து சிறார் பாதுகாவலர் சட்டம் 13-ஆம் பிரிவில் சொல்கிறது. அது நல்ல சட்டம், விட்டுக்கொடுக்கக் கூடாதது. ஆனால் ஏழு வயதுப் பிள்ளையின் நலன் தனியாக எங்கே இருக்கிறது? அவளை எழுப்பிக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புகிற உங்கள் உடம்பில், வாடகை கட்டுகிற உங்கள் கையில் இருக்கிறது. உங்களை விசாரிக்காமல் அவளை எப்படி விசாரித்து முடிக்க முடியும்?

இன்னொன்றும் எனக்குத் தெரியும். ‘முடியவில்லை’ என்று வாய்விட்டுச் சொன்னால், அதையே காரணம் காட்டிப் பிள்ளையை வாங்கிவிடுவார்களோ என்ற பயத்தில் எத்தனையோ அம்மாக்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். இந்தப் பயத்தை உண்டாக்குகிற எந்த விசாரிப்பையும் குழந்தை நலன் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

பண விஷயத்தில் தயங்காதீர்கள். இடைக்கால ஜீவனாம்ச மனுவை, நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து கூடியவரை 60 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம். ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம், மனுப் போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்காக வேண்டும், இருவரும் சொத்து, வருமான விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்றது. உங்கள் வழக்கில் அவை தாக்கலாகிவிட்டனவா என்று வக்கீலிடம் நேராகக் கேளுங்கள். கைவிடப்பட்ட பெண்களுக்கான அரசு உதவித்தொகையை மட்டும் நம்பியிருக்க வழியில்லை. விவாகரத்தோ, பிரிந்ததற்கான நீதிமன்றச் சான்றோ இல்லாத பெண், கைவிடப்பட்டு ஐந்து வருஷம் ஆனதைக் காட்ட வேண்டும். அதற்குள் பாப்பாவுக்குப் பதினோரு வயதாகிவிடும்!

அவள் அப்பாவைத் தேடினால் தேடட்டும், அது உங்களுக்கு எதிரானதில்லை. உங்கள் அழுகையை அவள் மடியில் இறக்காதீர்கள். அதைக் கேட்கப் பெரியவர்கள் வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் இரவிலும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. தூக்கம் இல்லாமல் தொடர்ந்தால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போய் வாருங்கள். அடுத்த கவுன்சலிங்கில் உங்களைப் பற்றியும் பேச நேரம் கேளுங்கள். மறுத்தால் எனக்கு எழுதுங்கள்.