மாட்டு மடிக்குள் ஓம எண்ணெய் ஏற்றலாமா?

கேள்வி: கலப்பினப் பசுவுக்கு மடிநோய் வந்து ஒரு காம்பில் பால் திரிதிரியாக வருகிறது. ஓம எண்ணெய் கிருமியைக் கொல்லுமாமே, சிரிஞ்சில் எடுத்துக் காம்புத் துளை வழியாக ஏற்றலாமா?
– வாசகர், செங்கம்

ஏற்றவே கூடாது. ஓம எண்ணெயில் இருக்கும் தைமாலும் கிராம்பு எண்ணெயில் இருக்கும் யூஜினாலும் பாக்டீரியாவின் மேல்சவ்வைச் சிதைத்துக் கொல்பவைதான். ஆய்வகத் தட்டில் அது நன்றாகவே வேலை செய்யும். மடிக்குள் இருப்பதோ பால். பாலின் கொழுப்பும் புரதமும் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்வதால் கிருமிக்குப் போய்ச் சேருவது சொற்பம். சரி, அளவைக் கூட்டுவோம் என்றால் மடியின் உள்திசு புண்ணாகி வீக்கம் இன்னும் ஏறும். போதாக்குறைக்கு, சிரிஞ்சு முனையோடு காம்பு நுனியில் இருக்கும் அழுக்கும் உள்ளே போகும். இப்படிச் செய்துதான் பலர் ஒரு காம்பை நிரந்தரமாக இழக்கிறார்கள். காம்புத் தோலிலும் எண்ணெயை அப்படியே தடவ வேண்டாம், எரியும், மாடு உதைக்கும்.

கேள்வி: அப்படியானால் கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்புப் பூச்சு? அளவு ஆளுக்கொன்று சொல்கிறார்களே.
– வாசகி, ஓமலூர்

ஒரு நாளைக்கு ஒரு மாட்டுக்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு 15 கிராம். கற்றாழையைத் தோலோடு நறுக்கி, மூன்றையும் சேர்த்து அரைத்தால் செக்கச்செவேலென்று விழுது வரும். நிறம் மஞ்சளாகவே நின்றால் சுண்ணாம்பு பழையது, வீரியம் போய்விட்டது என்று அர்த்தம். மடியைக் கழுவி, கெட்ட பாலை முழுக்கக் கறந்து தரையில் விடாமல் தனியே கொட்டுங்கள். ஒரு கைப்பிடி விழுதை 150 முதல் 200 மில்லி தண்ணீரில் கரைத்து மடி முழுக்கப் பூசுங்கள். நாளைக்குப் பத்து முறை, ஐந்து நாள். காலையும் மாலையும் பூசிவிட்டுப் "பலனில்லை" என்பவர்கள்தான் அதிகம். அடுத்த பூச்சுக்கு முன் காய்ந்ததைக் கழுவிவிட வேண்டும். மறுநாளுக்குப் புதிதாக அரையுங்கள்.

இது ஆரம்ப நிலைக்கு. பால் தண்ணீராக வந்து, காய்ச்சல் அடித்து, மாடு தீனி எடுக்காமல் படுத்துவிட்டாலோ, மடி சில்லிட்டு நீலம் பாய்ந்தாலோ விழுது அரைக்க நேரமில்லை. அன்றைக்கே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: ஆன்டிபயாடிக் போட்ட பாலை சொசைட்டிக்கு எப்போது ஊற்றலாம்?
– வாசகர், பல்லடம்

மருந்து லேபிளில் போட்டிருக்கும் நாள் கணக்குப்படி. அதில் எதுவும் இல்லையென்றால் கடைசி ஊசியிலிருந்து குறைந்தது 7 நாள். ஒரு காம்பில் மட்டும் மருந்து ஏற்றியிருந்தாலும் நான்கு காம்புப் பாலையும் ஒதுக்க வேண்டும். மருந்து ரத்தம் வழியே மற்றவற்றுக்கும் போகும்.

மறுபடி வராமலிருக்க, 15 நாளுக்கொரு முறை அரை லிட்டர் தண்ணீரில் துணி துவைக்கும் சோப்புத்தூள் 15 கிராம் கரைத்து, ஒவ்வொரு காம்புப் பாலோடும் சம அளவு கலந்து சுழற்றிப் பாருங்கள். கொழகொழவென்று திரண்டால் வீக்கம் தெரிவதற்கு முன்பே நோய் வந்துவிட்டது. கறந்து முடித்ததும் தீனி போட்டு அரை மணி நேரம் மாட்டை நிற்க வையுங்கள். காம்புத் துளை அதற்குள் மூடிக்கொள்ளும்.