எஸ்எஸ்டி போட்டும் இழுக்கிறதே, அண்ணாச்சி!

கேள்வி: அண்ணாச்சி, தக்கலையில் ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் என்று சின்னக் கடை வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் பழையது. கோர் ஐ3 மூன்றாம் தலைமுறை, ஹெச்61 போர்டு, 4 ஜிபி ராம், விண்டோஸ் 10. ஆவணியில் தெரிந்த பையன் ஒருவன் 240 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) போட்டு, ஹார்ட் டிஸ்கில் இருந்ததை அப்படியே குளோன் பண்ணிக் கொடுத்தான். "பழையதும் உள்ளேயே கிடக்கட்டும் அக்கா, பேக்கப்புக்கு ஆகும்" என்றான். சும்மா சொல்லக்கூடாது, பறந்தது. ஐப்பசியில் மழையும் இடியும் தொடங்கிய பிறகு பழையபடி இழுக்கிறது. சான்றிதழ் விண்ணப்பிக்க வந்தவர்கள் வாசலில் நின்று முணுமுணுக்கிறார்கள். இடிக்குப் பயந்து ராத்திரி பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கடையை அடைக்கிறேன். காலையில் பார்த்தால் தேதி 2012 என்று காட்டுகிறது. அதைத் திருத்தினால்தான் இணையதளங்கள் திறக்கின்றன. இன்னொன்று, புரட்டாசியில் டைப் செய்த வாடகை ஒப்பந்தம் ஒன்று டெஸ்க்டாப்பில் இருந்தது, இப்போது காணோம். எஸ்எஸ்டி டூப்ளிகேட்டா? இல்லை, வைரஸா?
— தக்கலை வாசகி

பதில்: இரண்டும் இல்லை, தங்கச்சி. உங்கள் எஸ்எஸ்டி உள்ளே சும்மா உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் வேலை செய்துகொண்டிருப்பது பழைய ஹார்ட் டிஸ்கில்.

கம்ப்யூட்டர் மெதுவு என்று வடசேரியில் என் கடைக்கு யார் வந்தாலும் முதலில் நான் பார்ப்பது, அது எதற்காகக் காத்துக்கிடக்கிறது என்பதைத்தான். டிஸ்குக்கா, ராமுக்கா, பிராசசருக்கா, நெட்டுக்கா? எஸ்எஸ்டி தீர்த்து வைப்பது டிஸ்குக்கான காத்திருப்பை மட்டும்தான். உங்கள் விஷயத்தில் விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள், தேதி, பிளக், காணாமல் போன ஒப்பந்தம் என்று தனித்தனியாக.

மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் மாதிரி வெள்ளியாக ஒரு பேட்டரி இருக்கும். சிஆர்2032, மூன்று வோல்ட். தேதியையும் பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் ஓடி கம்ப்யூட்டரைத் தொடங்கி வைக்கும் மென்பொருள்) அமைப்புகளையும் அதுதான் நினைவில் வைத்திருக்கிறது. பிளக் சுவரில் இருக்கும்வரை, கம்ப்யூட்டர் ஆஃப் ஆகியிருந்தாலும் எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் சப்ளை வழியாகக் கொஞ்சம் மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். அதனால் பேட்டரி செத்துப்போனது வெளியே தெரியாது. ஐப்பசி பிறந்து நீங்கள் பிளக்கைப் பிடுங்க ஆரம்பித்ததும் தெரிந்துவிட்டது. ராத்திரியோடு ராத்திரியாக பயாஸ் எல்லாவற்றையும் மறந்து, போர்டு ஃபேக்டரியிலிருந்து வந்த நிலைக்குப் போய்விடுகிறது. எந்த டிஸ்கிலிருந்து முதலில் தொடங்க வேண்டும் என்று அந்தப் பையன் மாற்றி வைத்ததும் அதோடு போயிற்று. முதல் போர்ட்டில் இருப்பது பழைய டிஸ்க்காக இருக்கும், அதிலிருந்தே தொடங்குகிறது.

குளோன் என்பதால் அந்தப் பழைய டிஸ்கிலும் முழு விண்டோஸ் இருக்கிறது. வால்பேப்பர் முதற்கொண்டு எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் அது ஆவணியோடு நின்றுபோன விண்டோஸ். புரட்டாசியில் செய்த ஒப்பந்தம் அதில் எப்படி இருக்கும்? அது எஸ்எஸ்டியில் பத்திரமாக இருக்கிறது, கவலைப்படாதீர்கள்.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், பார்த்துவிடுங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். இடது பக்கம் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று இருக்கும். சி டிரைவ் எதன் பக்கத்தில் எழுதியிருக்கிறதோ அதன் கீழே எஸ்எஸ்டி என்றோ ஹெச்டிடி என்றோ போட்டிருக்கும். ஹெச்டிடி என்று இருந்தால் விவகாரம் முடிந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. குளோன் எடுத்த இரண்டு டிஸ்குக்கும் ஒரே அடையாள எண் இருந்தால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைன் என்று ஒதுக்கி வைத்துவிடும். டிஸ்குகளை நிர்வகிக்கும் டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையைத் திறந்தால் உங்கள் எஸ்எஸ்டி அப்படி நிற்கக்கூடும். "அட, இங்கே இருக்கிறதே" என்று ரைட் கிளிக் செய்து ஆன்லைன் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் விண்டோஸ் அதற்குப் புது எண் எழுதும். பழைய எண்ணை நம்பியிருக்கும் எஸ்எஸ்டி விண்டோஸ் அப்புறம் தொடங்க மறுத்துவிடலாம். இந்த ஒரு கிளிக்கில் மாட்டிக்கொண்டு எஸ்எஸ்டி போய்விட்டது என்று தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு.

செய்ய வேண்டியது இதுதான். இந்தச் சில நாட்களில் புதிதாகச் சேமித்ததை எல்லாம் முதலில் பென் டிரைவில் எடுத்து வையுங்கள், ஏனென்றால் அவை பழைய டிஸ்கில்தான் இருக்கின்றன. கம்ப்யூட்டரை ஆஃப் செய்து, பிளக்கைப் பிடுங்கி, மூடியைக் கழற்றி, ஹார்ட் டிஸ்கின் இரண்டு கேபிளையும் உருவிவிடுங்கள். பட்டன் பேட்டரியை மாற்றுங்கள். வாட்ச் கடையிலேயே கிடைக்கும். பிறகு ஆன் செய்து பயாஸுக்குள் போய் தேதியைச் சரிசெய்து, எஸ்எஸ்டியை முதலாவதாக வைத்து, சாட்டா மோடு, அதாவது போர்டு டிஸ்கோடு பேசும் முறை, ஏஹெச்சிஐ என்று இருக்கிறதா பாருங்கள். ஐடிஇ என்ற பழைய முறையில் இருந்தால் ஏஹெச்சிஐக்கு மாற்றுங்கள். மாற்றியதும் நீலத் திரை வந்தால் பதற வேண்டாம், எதுவும் அழியவில்லை. திரும்ப ஐடிஇயில் வைத்து விண்டோஸுக்குள் போய், எம்எஸ்கான்ஃபிக் என்று தேடித் திறந்து அதில் சேஃப் பூட் டிக் போட்டு, ரீஸ்டார்ட் ஆகும்போது ஏஹெச்சிஐக்கு மாற்றுங்கள். ஒரு தடவை சேஃப் மோடில் தொடங்கியதும் தேவையான டிரைவரை அதுவே பிடித்துக்கொள்ளும். அப்புறம் டிக்கை எடுத்துவிட்டு வழக்கம்போல் ரீஸ்டார்ட் செய்யலாம்.

எஸ்எஸ்டி மட்டும் இருக்கும் நிலையில் வாடகை ஒப்பந்தம் டெஸ்க்டாப்பில் வந்து நிற்கும்.

"உள்ளேயே கிடக்கட்டும்" என்கிற பழக்கம் எனக்குப் பிடிப்பதே இல்லை. உள்ளே கிடப்பது பேக்கப் ஆகாது. இடி விழுந்தால் இரண்டும் சேர்ந்துதான் போகும். அது மட்டுமில்லை, பழைய டிஸ்கில் பேட் செக்டர் (படிக்க முடியாமல் கெட்டுப்போன இடம்) விழுந்திருந்தால் விண்டோஸ் எஸ்எஸ்டியிலிருந்து தொடங்கினால்கூட அந்தக் கிழத்தின் பதிலுக்காக நின்று நின்று போகும். போல்டரைத் திறந்தால் பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டிருக்கும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ரீஅலோகேட்டட், பெண்டிங் என்ற இரண்டு வரிகளில் ரா வேல்யூ எண்ணைப் பாருங்கள். சுழியைத் தவிர வேறு எண் இருந்தால் அந்த டிஸ்கை நம்பி எதையும் வைக்காதீர்கள். நன்றாக இருந்தால் யூஎஸ்பி கேஸ் ஒன்று வாங்கி அதில் போட்டு, வாரம் ஒருமுறை பேக்கப் எடுத்து வீட்டில் வையுங்கள்.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எஸ்எஸ்டி பெட்டியில் நொடிக்கு 500 எம்பி என்று எழுதியிருக்கும், டெஸ்ட் பண்ணினால் உங்களுக்கு 270 பக்கம்தான் காட்டும். ஹெச்61 போர்டில் இருப்பது எல்லாமே 3 கிகாபிட் சாட்டா போர்ட்தான், அதற்கு மேல் போகாது. அதற்காக போர்டு மாற்றச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் டிஸ்கில் ஒரு சுற்றுக்கே 8 மில்லி செகண்டுக்கு மேல் ஆகும். தேடிப்போய் சின்னத் துண்டு ஒன்றைப் படித்து வர சராசரியாக 12, 13 மில்லி செகண்ட் பிடிக்கும். எஸ்எஸ்டிக்கு அதே வேலை 0.1 மில்லி செகண்ட் அளவில் முடிந்துவிடும். விண்டோஸ் தொடங்குவதும் குரோம் திறப்பதும் இப்படிச் சின்னச் சின்னத் துண்டுகளைப் படிக்கிற வேலைதான். அங்கே 270க்கும் 500க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

ராம் 4 ஜிபிதான் என்கிறீர்கள். குரோமில் பத்து டேப், கூடவே ஸ்கேனர், வேர்டு என்றால் அது போதாது. இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 போடுங்கள், அதோடு நிறுத்துங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. உங்கள் பிராசசர் விண்டோஸ் 11க்கான பட்டியலில் இல்லை. ஊராருடைய ஆதாரும் பாஸ்புக்கும் ஸ்கேன் ஆகிற கடை அது. இனி சேரும் பணம் புது மெஷினுக்கு என்று வையுங்கள்.

கேள்வி: கருங்கல்லில் கல்யாண வீடியோ எடுக்கிறேன். எடிட்டிங் கம்ப்யூட்டரில் 1 டிபி என்விஎம்இ (அதிவேக வகை) எஸ்எஸ்டி போட்டேன். காப்பி போடும்போது முதலில் ஜிபி கணக்கில் ஓடுகிறது, பாதி தாண்டியதும் 80 எம்பிக்கு விழுந்து அங்கேயே நிற்கிறது. பழைய ஹார்ட் டிஸ்கே இதைவிட வேகமாக இருந்ததே?
— கருங்கல் வாசகர்

பதில்: ஆமாம், அந்த நேரத்தில் வேகமாகத்தான் இருந்திருக்கும். பொய் சொல்லவில்லை நீங்கள்.

விலை குறைந்த எஸ்எஸ்டிகள் பலவற்றில் இருப்பது கியூஎல்சி வகைச் சிப். ஒரு செல்லுக்குள் நான்கு பிட், அதாவது 16 நிலைகளில் மின்னூட்டத்தைத் துல்லியமாக நிறுத்த வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். அதை மறைக்க, காலியாக இருக்கும் இடத்தில் ஒரு பகுதியை செல்லுக்கு ஒரு பிட் என்று வேகமாக எழுதிக்கொள்ளும், பிறகு சாவகாசமாக உள்ளே அடுக்கும். அந்தப் பகுதி இருக்கும்வரைதான் பெட்டியில் எழுதிய வேகம். நீங்கள் முகூர்த்தமும் ரிசப்ஷனும் சேர்த்து மொத்தமாகக் கொட்டும்போது அது நிரம்பிவிடுகிறது. டிரைவ் நிரம்ப நிரம்ப அந்தப் பகுதியும் சுருங்கும். முக்கால்வாசிக்கு மேல் நிரப்பாமல் வைத்துப் பாருங்கள், கொடுத்து முடித்த ஆல்பங்களை ஹார்ட் டிஸ்குக்குத் தள்ளுங்கள். பெரிய பெரிய ஃபைலை வரிசையாக எழுதுவதற்கு ஹார்ட் டிஸ்க் இன்றைக்கும் மோசமில்லை. அடுத்த முறை வாங்கும்போது டிஎல்சி (செல்லுக்கு மூன்று பிட்), டிராம் (டிரைவுக்குள்ளேயே தனி நினைவகம்) உள்ளது என்று கேட்டு வாங்குங்கள். தொழிலுக்கு அந்தக் கூடுதல் காசு தகும்.

கார்டு ரீடரையும் பாருங்கள். யூஎஸ்பி 2 போர்ட்டில் செருகினால் 35, 40 எம்பிக்கு மேல் எந்த எஸ்எஸ்டியாலும் ஒன்றும் செய்ய முடியாது.

கேள்வி: சார், நான் கல்லூரி மாணவன், ஊர் முட்டம். லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி போட்டோம். அதே நேரத்தில் சார்ஜரும் போனதால் வேறு சார்ஜர் வாங்கினோம். அன்றிலிருந்து மவுஸ்கூட திக்கித் திக்கித்தான் நகர்கிறது. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 2 சதவீதம்தான் காட்டுகிறது.
— முட்டம் வாசகர்

பதில்: டிஸ்க் 2 சதவீதம் என்றால் எஸ்எஸ்டியை விட்டுவிடு, தம்பி. அதே பக்கத்தில் சிபியூ வேகத்தைப் பார். 0.79, 0.39 கிகாஹெர்ட்ஸ் என்கிற மாதிரி ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். சில கம்பெனி லேப்டாப்புகள் சார்ஜரின் நடு ஊசி வழியாக "இது நம்ம சார்ஜர்தானா, எத்தனை வாட்" என்று கேட்கும். டூப்ளிகேட் பதில் சொல்லாவிட்டால் பிராசசரைக் கட்டிப்போட்டுவிடும், பேட்டரியும் ஏறாது. சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பார். சரியாகிவிட்டால் சார்ஜர்தான் குற்றவாளி. பேட்டரியே இல்லாமல் ஓட்டுகிறாய் என்றால், சரியான வாட் உள்ள ஒரிஜினலை நண்பனிடம் கடன் வாங்கிப் பார்க்க வேண்டியதுதான்.

ஒரிஜினல் சார்ஜரிலும் அப்படியே இருந்தால் சார்ஜிங் சாக்கெட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல். கடலோர ஊர்களிலிருந்து வரும் லேப்டாப்புகளில் அந்த இடம் உப்புக்காற்றில் பச்சை பூத்திருப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். எஸ்எஸ்டி போட்ட பிறகு டீஃப்ராக் செய்யக் கூடாது என்றும், பேஜ் ஃபைலை நிறுத்த வேண்டும் என்றும், பூஸ்டர் மென்பொருள் ஒன்று போட வேண்டும் என்றும் பேரன் சொல்கிறான். செய்யலாமா?
— சுசீந்திரம் வாசகர்

பதில்: மூன்றில் முதலாவது மட்டும் பாதி சரி, சார். சிதறிய ஃபைல் துண்டுகளை வரிசையாக அடுக்கும் பழைய முறை டீஃப்ராக் எஸ்எஸ்டிக்குத் தேவையில்லை. ஆனால் விண்டோஸில் வாரம் ஒருமுறை தானாக ஓடும் ஆப்டிமைஸ் வேறு. அது எஸ்எஸ்டியை அடையாளம் கண்டு, அழித்த ஃபைல்களின் இடம் இனி வேண்டாம் என்று டிரைவுக்குச் சொல்கிறது. இதற்கு டிரிம் என்று பெயர். அதை நிறுத்த வேண்டாம். ஆப்டிமைஸ் திரையில் வரும் டிரைவ் பட்டியலில் உங்கள் சி டிரைவ் சாலிட் ஸ்டேட் டிரைவ் என்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பேஜ் ஃபைல் என்பது ராம் போதாதபோது விண்டோஸ் டிஸ்கில் எடுத்துக்கொள்ளும் இடம். அதைத் தொடாதீர்கள், நிறுத்தினால் ராம் தீர்ந்த நேரத்தில் புரோகிராம்கள் மூடிக்கொள்ளும். பூஸ்டரைப் பேரன் ஏற்கெனவே போட்டிருந்தால் நீக்கிவிடுங்கள்.