சுட்ட கிளிஞ்சலில் ‘கால்சினேஷன் முழுமையில்லை’ என்றால்?

திருவொற்றியூரில் பழைய வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு போடவிருக்கும் வாசகர் கேட்கிறார்: சுட்ட கிளிஞ்சலின் லேப் ரிப்போர்ட்டில் ‘கால்சினேஷன் முழுமையில்லை, எடையிழப்பு 11 சதவீதம்’ என்றிருக்கிறது. சரக்கைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

உடனே வேண்டாம். கனிமத்தை உருகவிடாமல் சூடாக்கி, அதில் பிணைந்திருக்கும் வாயுவையோ நீரையோ வெளியேற்றுவதுதான் கால்சினேஷன். கிளிஞ்சல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். காளவாயில் சூடு 900 டிகிரி செல்சியஸை ஒட்டி ஏறும்போது கார்பன் டை ஆக்சைடு பிரியும். சுத்தமான 100 கிலோவில் 44 கிலோ வாயுவாகப் போய், 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும்.

உங்கள் சரக்கை லேபில் மறுபடி சுட்டபோது 11 சதவீதம் குறைந்திருக்கிறது. அது முழுக்கக் கார்பன் டை ஆக்சைடு என்றால், மூட்டையில் கால் பங்கு வேகாத கிளிஞ்சல். ஆனால் கடற்காற்றுப் படும் இடத்தில் மூட்டை திறந்து கிடந்திருந்தால், சுண்ணாம்பு ஈரத்தை இழுத்துத் தானாகவே நீறத் தொடங்கும், அதாவது தண்ணீரோடு சேர்ந்து உதிரும். அந்த நீரும் எடையிழப்புக் கணக்கில்தான் வரும்.

எதுவென்று வீட்டிலேயே பார்க்கலாம். இரும்பு வாளியில் 3 லிட்டர் தண்ணீர் எடுத்து, 1 கிலோ சரக்கைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். சுண்ணாம்பின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். நன்றாக வெந்தது சில நிமிடங்களில் கொதித்து உதிரும். மறுநாள் கொசுவலைக் கம்பியில் வடிகட்டி, மேலே நிற்கும் கப்பியை, அதாவது உதிராத கட்டிகளை, நன்றாகக் கழுவி வினிகர் விடுங்கள். விடாமல் நுரைத்தால் வேகாத கிளிஞ்சல். நுரைக்காமல் கெட்டியாக இருந்தால் மணலாகவோ, சூடு மிஞ்சி இறுகிய சுண்ணாம்பாகவோ இருக்கும்.

வேகாததால் உங்களுக்குப் பண நஷ்டம்தான். விலையைக் குறைக்கச் சொல்லி வாங்கிக்கொள்ளலாம். சூடு மிஞ்சியதுதான் ஆபத்து. அது உடனே நீறாது. பூச்சு காய்ந்து பல வாரம் கழித்து ஈரம் பட்டு உப்பும். சுவரில் பொட்டுப் பொட்டாகப் பெயர்ந்து, ஒவ்வொரு குழியின் நடுவிலும் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். கப்பியை இடித்துத் திரும்பக் கலக்க மேஸ்திரியை விடாதீர்கள். வடித்த சுண்ணாம்பைத் தண்ணீருக்கடியில் குறைந்தது ஒரு மாதம் ஊறவிட்ட பிறகே பூச்சுக்கு எடுங்கள்.