அறத்தை மறுப்பவர் முரண்படாமல் இருக்க முடியுமா?

கேள்வி: 'கொலை தவறு' என்னும் கூற்றே பொய் என்பவர், கொலை செய்யலாம் என்று ஒப்புக்கொள்கிறார் அல்லவா?

பதில்: இல்லை. மெய்யியலாளர் ஜே. எல். மாக்கி 1977இல் விரிவாக முன்வைத்த நிலைப்பாட்டின்படி, நம் விருப்பு வெறுப்புகளைக் கடந்து நம்மைக் கட்டுப்படுத்தும் விழுமியங்கள் உலகில் இல்லை. அவை இருப்பதாகக் கொண்டு பேசும் அறக்கூற்றுகள் எல்லாம் பிழை. 'செய்யலாம்' என்பதும் அத்தகைய விழுமியம் தரும் அனுமதியே ஆதலால், அதையும் சேர்த்தே அவர் மறுக்கிறார்.

கேள்வி: அறமே இல்லையென்றால், பிறர் வழக்கங்களை நாம் குறைகூறக் கூடாது என்று அவர் சொல்லலாமா?

பதில்: சொல்ல முடியாது. அந்தக் 'கூடாது' எங்கிருந்து வந்தது? அறத்தின் உண்மையை ஐயுறும் ஐயவாதம் பேசுவோர் பலர் வழுக்கி விழும் இடம் இதுதான்.

கேள்வி: இதைத் தவிர்த்துவிட்டால் முரண் தீர்ந்துவிடுமா?

பதில்: உண்மையான சிக்கல் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. நம்மைக் கட்டுப்படுத்தும் விழுமியம் என்பது உலகின் பிற பொருள்களோடு ஒட்டாத விசித்திரம் என்பது மாக்கியின் முக்கிய வாதங்களுள் ஒன்று. அப்படியானால், 'சான்றுள்ளதை நம்ப வேண்டும்' என்பதிலும் அதே விசித்திரம் இருக்கிறதே என்று டெரன்ஸ் குனியோ 2007இல் விரிவாக வாதிட்டார். மணிமேகலைக் காப்பியத்தில், காட்சியை, அதாவது புலன்களால் நேரே அறிவதை, மட்டுமே ஏற்கும் பூதவாதியைப் பார்த்து மணிமேகலை நகைத்து, உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் எவ்வாறு அறிவாய் என்று கேட்பதும் இவ்வகை அடியே: பிறர் கொள்கையை வெட்ட எடுத்த அளவுகோல் தன் கொள்கையையும் வெட்டுகிறது.

இதற்கு இரண்டு மறுமொழிகள் உண்டு. பார்ட் ஸ்ட்ரூமர் 2017இல் அறக் கட்டளைகள், 'சான்றுள்ளதை நம்ப வேண்டும்' என்பது போன்ற கட்டளைகள் ஆகிய இரண்டு வகைகளையும் துறந்ததோடு, இக்கோட்பாடு உண்மையாயினும் நம்மால் நம்ப இயலாதது என்றும் கூறினார். முரண்பாட்டைத் தவிர்க்க இது மிகையான விலை என்பது என் கருத்து. யோனாஸ் ஒல்சன், தம் கோட்பாடு உண்மை என்று மட்டுமே வாதிடுகிறார். அதை நம்பியாக வேண்டும் என்று எவரையும் கட்டாயப்படுத்துவதில்லை. இவ்வழி தாங்கும் என்றே நினைக்கிறேன், ஆனால் இவ்வழியில் செல்பவர், தம் வாதத்தைக் கேட்டும் ஏற்காதவரைக் கடிந்துகொள்ளும் உரிமையை இழக்கிறார்.

கேள்வி: அத்தகையவர் எப்படி வாழ்வார்?

பதில்: பண்டைய கிரேக்க ஐயவாதி செக்ஸ்டஸ் எம்பிரிக்கஸ் அறம் இல்லை என்றுகூட அறுதியிடாமல், தீர்ப்பையே நிறுத்திவைத்தார், இயல்புணர்ச்சி, பசி தாகம், நாட்டு வழக்கம், கற்ற தொழில் ஆகியவற்றின்படி வாழலாம் என்றார். கொடுங்கோலன் இழிசெயல் ஒன்றைச் செய்யச் சொன்னால் என்ன செய்வார் என்ற கேள்விக்கும், முன்னோர் வழக்கம் காட்டும் வழியில் முடிவெடுப்பார் என்பதே அவர் விடை. இதில் முரண் ஏதும் இல்லை. ஆயினும், முன்னோர் வழக்கமே கொடுங்கோலனின் பக்கம் நிற்குமானால், அவனை எதிர்ப்பதற்கு இந்த ஐயவாதியிடம் எஞ்சுவது தன் மன அருவருப்பு ஒன்றே.