காரைக்குடியைத் தாண்டி ஒரு நகர்: கேள்விகளும் பதில்களும்

காரைக்குடியைச் சுற்றிலும் பொட்டல்காடாகக் கிடந்த இடமெல்லாம் இப்போது ஏதோ ஒரு நகர். அங்கே மனை வாங்குகிறவர்களும், கட்டிக் குடிபோனவர்களும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில்.

சிங்கப்பூரில் இருக்கிறேன். டவுனிலிருந்து ஆறு கிலோமீட்டரில் 5 சென்ட் மனை பார்த்திருக்கிறார்கள். அப்ரூவல் இருக்கிறதாம். பத்திரம் போடலாமா அண்ணே?

எந்த அப்ரூவல் என்று கேளுங்கள் தம்பி. 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று சொன்னால் அது மனைப்பிரிவு அனுமதியே இல்லை. டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி எண், அந்த எண் போட்ட லேஅவுட் வரைபட நகல், இந்த இரண்டும் கையில் வந்த பிறகுதான் அட்வான்ஸ். அங்கீகாரம் இல்லாத மனைகளை வரன்முறைப்படுத்த அரசு வைத்த கெடுநாள் 2016 அக்டோபர் 20. அதற்குப் பிறகு அங்கீகாரம் வாங்காமல் பிரித்த மனை, விலை எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

வில்லங்கம், தாய்ப்பத்திரம், பட்டா இதெல்லாம் எல்லோரும் பார்ப்பார்கள். பார்க்காமல் விடுவது புலப்படம், அதாவது சர்வே எண்ணின் எல்லை வரைபடம். உங்கள் சர்வே எண்ணுக்கு மட்டுமில்லாமல், சுற்றியுள்ள நாலைந்து எண்களுக்கும் புலப்படமும், நிலம் என்ன வகை என்று சொல்லும் அ-பதிவேடும் இணையத்தில் எடுங்கள். பக்கத்து எண் 'வாய்க்கால்', 'ஓடை', 'கண்மாய்' என்று புறம்போக்கில் இருந்தால், அது உங்கள் மனையை ஒட்டி எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். தரையில் வாய்க்காலே தெரியாது, கருவேல் மண்டி மேடாகியிருக்கும். ஐப்பசி பிறந்தால் தண்ணீருக்கு அந்தத் தடம் ஞாபகம் வந்துவிடும்.

சித்திரையில் போய்ப் பார்த்தோம். செம்மண் தரை, கல் மாதிரி இறுகியிருந்தது. இங்கே தண்ணீர் நிற்கும் என்று பக்கத்தில் ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?

நம்புங்கள். மேலே கொஞ்சம் மண், அடியில் செம்புரை என்கிற செம்புராங்கல். மண் நனைந்து முடிந்ததும் வேகமாக வரும் மழை அதில் உடனே இறங்காது, சரிவு பார்த்து ஓடும். சரிவின் கடைசியில் உங்கள் மனை இருந்தால் அங்கேதான் நிற்கும்.

பார்ப்பதற்கு நல்ல நேரம் ஐப்பசி, கார்த்திகை. பெருமழை பெய்த மறுநாள் காலையில் போங்கள். வர முடியாதவர்கள் யாரையாவது அனுப்பி மின்கம்பங்களைப் படமெடுக்கச் சொல்லலாம். கம்பத்தின் அடியில் எந்த உயரம் வரை சேற்றுக்கோடு படிந்திருக்கிறதோ, தண்ணீர் அதுவரை நின்றிருக்கிறது.

பழைய செட்டிநாட்டு ஊர்களில் தெருக்களைச் சரிவு பார்த்து நேர்கோட்டில் போட்டு, மழைத் தண்ணீரை ஊருணிக்குத் திருப்பினார்கள். இன்றைய லேஅவுட்டில் தெருக்கள் நேராகத்தான் இருக்கின்றன, தண்ணீருக்குத்தான் போக்கிடம் இல்லை. ஆகவே பேஸ்மென்ட் (வீட்டுத் தரைக்கு அடியில் எழுப்பும் மேடை) மட்டத்தை மண்தரையிலிருந்து அளக்காதீர்கள். முன்னால் இருக்கும் ரோட்டின் நடு மேட்டிலிருந்து குறைந்தது இரண்டரை அடி. மண்ரோடாக இருந்தால் மூன்றடி. பின்னால் மெட்டல் கொட்டி, தார் போட்டு, அதன்மேல் இன்னொரு தார் போடும்போது ரோடு உயர்ந்துகொண்டே வரும், வீடு உயராது.

போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டு ஒரு வருஷம்தான் ஆகிறது. மணலாக வருகிறது, இரண்டாவது மோட்டாரும் போய்விட்டது. மோட்டார் கம்பெனியை மாற்றலாமா?

பழுது மோட்டாரில் இல்லை, போரில் இருக்கிறது. நம் வட்டாரத்தில் பல இடங்களில் செம்புரைக்குக் கீழே மணலும் களிமண்ணும் மாறிமாறி வரும். பாறைப் பகுதியில் செய்வதுபோல் மேலே கொஞ்சம் கேசிங் பைப் இறக்கிவிட்டு மீதியைத் திறந்து விட்டால் பக்கச்சுவர் சரியும். அடிவரை பைப் இறங்க வேண்டும். மணல் அடுக்கு வரும் இடத்தில் மட்டும் கீறல் போட்ட ஃபில்டர் பைப், வெளியே சுற்றிலும் கூழாங்கல் நிரப்பு. பிறகு கம்ப்ரஸர் வைத்து, தண்ணீர் தெளியும் வரை ஊத வேண்டும். கூலி மிச்சம் பிடிக்க ஆட்கள் முதலில் குறைப்பது இந்த ஊதலைத்தான். மோட்டாரை ஃபில்டருக்கு நேரே தொங்கவிட்டாலும் மணலை இழுக்கும், அதற்கு மேலே நிறுத்த வேண்டும்.

சோதனை எளிது. அரை மணி நேரம் ஓடவிட்டு, ஒரு வெள்ளை வாளியில் பிடியுங்கள். கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சும்மா வையுங்கள். ஐந்து நிமிஷத்தில் வாளி நடுவில் ஒரு சிட்டிகை மணல் குவிந்தால் பம்ப் உள்ளே தேய்ந்துகொண்டிருக்கிறது. புதிதாகப் போடுகிறவர்கள் எத்தனை அடியில் என்ன மண் வந்தது என்பதை ரிக்காரரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் போரில் தண்ணீர் வரும்போது பளிங்கு மாதிரி இருக்கிறது. காலையில் பார்த்தால் வாளியெல்லாம் பழுப்பு. பாத்ரூம் டைல்ஸும் மஞ்சளாகிவிட்டது.

அது இரும்புச் சத்து. கரைந்திருக்கும்வரை கண்ணுக்குத் தெரியாது, காற்றுப் பட்டதும் துருவாகிப் படியும். ஆகவே காற்றை நாமே முதலில் காட்டிவிடலாம். போர்த் தண்ணீரை நேரே மேல்தொட்டிக்கு ஏற்றாமல், ஓட்டை போட்ட பைப் வழியாகத் தரைத்தொட்டியில் தூவலாக விழவிடுங்கள். ஒரு ராத்திரி தெளியவிட்டு, அடியிலிருந்து அரையடி விட்டு மேல்தண்ணீரை மட்டும் ஏற்றுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் நடுவில் மணல் ஃபில்டர். இதைச் செய்யாமல் ஆர்ஓ மாட்டினால் உள்ளே இருக்கும் மெம்பரேன் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும்.

மழைநீர்த் தொட்டி கட்டுவதெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகுமா?

கணக்கைப் பாருங்கள். 1000 சதுர அடி மொட்டைமாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 930 லிட்டர். இங்கே ஆண்டு மழை ஏறக்குறைய 90 சென்டிமீட்டர். வழிந்ததும் ஆவியானதும் போகக் குறைந்தது 60,000 லிட்டர் கிடைக்கும். நாலு பேருக்கு வருஷம் முழுக்கப் போதாது. குடிக்கவும் சமைக்கவும் மட்டும் என்றால் நாளைக்கு 30 லிட்டர் வைத்தாலும் வருஷத்துக்கு 11,000 லிட்டர்தான் ஆகிறது. 10,000 லிட்டர் தொட்டி, முதல் மழையை வெளியே தள்ள ஒரு வால்வு, வாயில் வலை, இவ்வளவு போதும். மீதியைப் போருக்குப் பக்கத்தில் குழி வெட்டி இறக்கிவிடுங்கள். முற்றம் வைத்த வளவு வீட்டு ஓட்டிலிருந்து விழுந்த தண்ணீரை அண்டாவில் பிடித்து வைத்துக் குடித்த ஊர்தானே இது.

செப்டிக் டேங்குக்குப் பதில் நாலு சிமென்ட் உறை இறக்கினால் போதும் என்கிறார் கொத்தனார். செலவும் குறைவாம்.

வேண்டாம். அடியில் காங்கிரீட் இல்லாத உறை என்றால் கழிவு நேரே மண்ணுக்குள் போகிறது. செம்புரையில் பொந்தும் வெடிப்பும் உண்டு. ஒரு தெருவில் பத்து வீடு இப்படிச் செய்தால் பத்து போரும் போச்சு.

ஐந்து பேர் வீட்டுக்கு உள்ளளவு நீளம் 1.5 மீட்டர், அகலம் 0.75 மீட்டர், தண்ணீர் நிற்கும் ஆழம் 1 மீட்டருக்குச் சற்று மேல், அதற்கும் மேல் 30 சென்டிமீட்டர் காலி இடம். இது குறைந்தபட்சம். அடியும் சுவரும் பூசியிருக்க வேண்டும். அதிலிருந்து வழிவது உறிஞ்சுகுழிக்குப் போகலாம். கிணற்றிலிருந்தும் போரிலிருந்தும் அந்தக் குழி 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். 5 சென்ட் மனையில் இதுதான் சிக்கல். உங்கள் குழியை மட்டும் பார்த்தால் ஆகாது, மதிலுக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக்காரர் எங்கே குழி வெட்டியிருக்கிறார் என்று கேட்டுவிட்டுப் போர்ப் புள்ளி வையுங்கள். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை லாரி வந்து உறிஞ்ச வேண்டும். டேங்க் மூடியிலிருந்து ரோடு வரை குழாய் எட்டுமா என்பதைக் கட்டும்போதே பாருங்கள். மூடி மேல் டைல்ஸ் ஒட்டி மறைக்கிறவர்கள் பின்னால் உடைப்பதற்குக் கூலி கொடுக்கிறார்கள்.

சங்கராபுரம் பக்கம் இருக்கிறோம். மாநகராட்சி ஆனதில் எங்களுக்கு என்ன லாபம்?

2024-ல் காரைக்குடி மாநகராட்சி ஆனபோது கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளோடு உங்கள் பக்கத்து ஊராட்சிகளும் சேர்ந்தன. வரி உடனே வரும், வடிகால் மெதுவாகத்தான் வரும். நூறு நாள் வேலை ஊராட்சிகளுக்கு மட்டும் என்றிருந்ததால் அதை நம்பியிருந்த வீடுகளுக்கு இது நேரடி நஷ்டம். சொத்துவரியை அரையாண்டின் முதல் மாதத்தில், அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும், கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு, ரூ.5,000 வரை. ரோடு, விளக்கு கேட்டு மனு கொடுக்கும்போது தெருப்பெயரோடு லேஅவுட் அனுமதி எண்ணையும் எழுதுங்கள். தெரு தானப்பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்கப்படாமல் இருந்தால் மனு அங்கேயே நிற்கும்.

ராத்திரி ஏழு மணிக்கு மேல் மோட்டார் இழுக்கவில்லை, ஃபேன் தூங்குகிறது.

தெருவில் கடைசி வீடாக இருப்பீர்கள். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தூரம் கூடக்கூட வோல்டேஜ் இறங்கும். 230 வோல்ட்டில் 6 சதவீதம் வரை ஏற்ற இறக்கம் இருக்கலாம், அதாவது 216-க்குக் கீழே போனால் புகார் செய்ய உங்களுக்கு நியாயம் இருக்கிறது. மூன்று நாள் ஒரே நேரத்தில் மீட்டரில் அளந்து, எழுதி, மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்குச் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். தெருவே சேர்ந்து எழுதினால் இன்னும் நல்லது. அதுவரை மோட்டாரை விடியற்காலையில் போடுங்கள்.

ஆச்சி ஒருவர் கேட்கிறார்: பக்கத்துக் காலி மனையெல்லாம் கருவேல். பாம்பு வருகிறது. ராத்திரி தரையில்தான் படுக்கிறேன், பயமாக இருக்கிறது அப்பச்சி.

ஆச்சி, முதலில் கட்டிலுக்கு மாறுங்கள், கொசுவலையை மெத்தைக்கு அடியில் சொருகிக்கொள்ளுங்கள். கட்டுவிரியன் ராத்திரியில் திரியும். தரையில் படுத்தவரைக் கடித்தால் வலியே தெரியாமல்கூட இருக்கும். கதவுக்கடியில் விரல் நுழைகிற இடைவெளி இருந்தால் ரப்பர் பட்டை அடியுங்கள். குளியலறைத் தண்ணீர் போகும் பைப் வாயில் வலை வையுங்கள். விறகு, ஓடு, தேங்காய் மட்டை இவற்றைச் சுவரோரம் குவிக்கக் கூடாது. எலிக்காகத்தான் பாம்பு வருகிறது.

கருவேலை வெட்டினால் அடியிலிருந்து மறுபடி தழைக்கும். வேர்க்கட்டையோடு தோண்டி எடுக்க வேண்டும், அதற்கு மனைக்காரர் சம்மதம் வேண்டும். வீட்டுக்குள் பாம்பைக் கண்டால் அடிக்கப் போகாமல் கதவைச் சாத்திவிட்டுத் தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள், வந்து பிடிப்பார்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டக் கூடாது, கீறக் கூடாது. 108-ஐக் கூப்பிட்டு நேரே அரசு மருத்துவமனை. உங்கள் நகரில் ஆம்புலன்ஸ் வழி தவறும் என்பதால், மெயின் ரோடு முக்கில் டார்ச்சோடு ஒரு ஆளை நிறுத்தச் சொல்லுங்கள்.