உயிர்த்தெழுதலை நம்புகிறவர்களுக்குத் துக்கத்தில் உண்மையிலேயே சமாதானம் கிடைக்கிறதா?

அப்பா போய் ஆறு மாதம் ஆகிறது, சபையார் எல்லோரும் "மறுபடியும் பார்ப்பீங்க" என்கிறார்கள், அது நிஜமாகவே மனதைத் தாங்குமா, சும்மா தேற்றுவதற்குச் சொல்வதா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் கிறிஸ்தவக் குடும்பம்தான், கோயிலுக்குப் போவது மட்டும் நின்றிருக்கிறது என்று உங்கள் எழுத்தைப் பார்த்து நினைக்கிறேன். தப்பாக இருந்தால் மன்னியுங்கள்.

எனக்குக் கிடைத்தது. உடனே கிடைக்கவில்லை. அழுகையும் நிற்கவில்லை.

என் தம்பி 2021 மே மாதம் கொரோனாவில் இறந்தான். வயது 41. முழு ஊரடங்கு மே 10 அன்று தொடங்கியது, மறுநாள் அவனை அடக்கம் செய்தோம். திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டம். அம்மாவுக்கும் தொற்று இருந்ததால் வீட்டை விட்டு வர முடியவில்லை. உடல் ஆஸ்பத்திரியிலிருந்து பையில் சுற்றி வந்தது. முகத்தைப் பார்க்கவில்லை. இறக்கி வைத்தது தன்னார்வலர்களாக வந்த நான்கு முஸ்லிம் இளைஞர்கள். அது ரமலான் மாதம். அந்த வெயிலில், நோன்போடு, தலை முதல் கால் வரை மூடிய உடையில் நின்றார்கள். அவர்களை நினைக்காத நாள் இல்லை. ஐயர் (எங்கள் பக்கம் குருவானவரை அப்படித்தான் சொல்வோம்) தள்ளி நின்று ஐந்து நிமிடத்தில் ஜெபத்தை முடித்தார். ஒரு பாட்டுகூடப் பாடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "எய்யா, தம்பிக்குக் காலு கிழக்கப் பாத்து வச்சாங்களா?"

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்களில் தலை மேற்கே, கால் கிழக்கே வைத்துத்தான் அடக்கம் செய்வார்கள். கர்த்தர் கிழக்கிலிருந்து வருவார், எழுந்திருக்கும்போது முகம் அவரைப் பார்த்து இருக்க வேண்டும் என்பது பெரியவர்களின் நம்பிக்கை. நான் இருபது அடி தள்ளி நின்றேன். அந்தப் பைக்குள் தலை எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவே தெரியாது. "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பொய் என்னைத் தூங்க விடவில்லை. படித்தவன், அரசு வேலையில் இருப்பவன், இதற்குப் போய் இப்படியா என்று கேட்பீர்கள். கேளுங்கள். செத்துப்போன தம்பிக்குச் செய்ய எனக்கு மிச்சம் இருந்தது அந்த ஒன்றுதான், அதையும் சரியாகச் செய்யவில்லை என்றுதான் மனதில் ஓடியது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நெஞ்சில் கிடக்கிறது. அன்று காலை சபைக் கமிட்டியிலிருந்து ஒருவர் போன் செய்து, தம்பி மூன்று வருடமாகச் சங்கம் (சபைக்குக் கட்டும் சந்தா) கட்டவில்லை, பாக்கியைத் தீர்த்தால்தான் கல்லறைக் கதவைத் திறப்போம் என்றார். ஆம்புலன்சில் உட்கார்ந்துகொண்டு ஜிபேயில் அனுப்பினேன். சங்கம் கட்டுவது கடமை, மறுக்கவில்லை. அதற்கு நேரம் அதுவா? சபைத் தேர்தல் வந்தால் வீடு வீடாக வந்து கை குலுக்குகிறவர்கள் இவர்கள்தான். அப்புறம் ஒரு சொந்தக்காரர் வந்து, "அழுதா விசுவாசம் இல்லன்னு அர்த்தம்" என்று அம்மாவிடமே சொன்னார். செத்துப்போன நண்பன் லாசருவை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தே அவன் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு கண்ணீர் விட்டார். பைபிளில் யோவான் 11-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதை அவர் வாசித்ததில்லை போல.

2022 ஈஸ்டர் ஏப்ரல் 17. விடியற்காலை ஆராதனை முடிந்து, இருட்டிலேயே மெழுகுவர்த்தியோடு அம்மாவைக் கல்லறைக்குக் கூட்டிப்போனேன். அங்கே வைத்துச் சொல்லிவிட்டேன். "அம்மா, அன்னிக்குப் பொய் சொன்னேன். எந்தப் பக்கம் வச்சாங்கன்னு எனக்குத் தெரியாது." அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. இயேசுவின் கல்லறைக்கு வந்த மகதலேனா மரியாள் அழுதுகொண்டே நின்றதால், எழுந்து எதிரே நின்ற இயேசுவைத் தோட்டக்காரன் என்று நினைத்தாள், அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதானே திரும்பினாள் என்று சொல்லிவிட்டு, "இவன் பேரும் அவருக்குத் தெரியும்லா. எப்படிக் கிடந்தாலும் எந்திப்பான்" என்றாள். பிறகு உட்கார்ந்து நன்றாக அழுதாள். நானும் அழுதேன். அன்று இரவு தூங்கினேன்.

இதை மூளையின் வேலை, தேவைக்காக உண்டாக்கிக்கொண்ட நம்பிக்கை என்று எழுத நாலு பேர் வருவார்கள். எழுதட்டும். நான் இறையியல் படித்தவன் இல்லை, யாரையும் மதம் மாற்ற வரவும் இல்லை. கிறிஸ்து எழுந்திருக்கவில்லை என்றால் எங்கள் விசுவாசமே வீண் என்று பவுலே எழுதி வைத்திருக்கிறார். அவர் அதைப் பூசி மெழுகவில்லை, நானும் மெழுகவில்லை. நடந்தது என்று நம்புகிறேன்.

உங்களுக்குச் சந்தேகம் இருக்கிறது என்பதற்காகக் கூச்சப்படாதீர்கள். சென்னைப் பரங்கிமலையில் உயிர் விட்டதாக நம் ஊரில் சொல்கிற அதே சீடன் தோமா, ஆண்டவர் எழுந்தார் என்று மற்றச் சீடர்கள் சொன்னபோது, பார்த்துத் தொட்டால்தான் நம்புவேன் என்றான். எட்டு நாள் கழித்து ஆண்டவர் வந்தபோது அவன் மற்றவர்களோடு அதே வீட்டுக்குள்தான் இருந்தான். யாரும் அவனை வெளியே அனுப்பவில்லை. வந்தவர் காட்டியதும் காயங்களைத்தான். உயிர்த்தெழுந்த உடம்பிலும் அந்தத் தழும்பு இருந்தது என்பதுதான் எனக்குப் பெரிய ஆறுதல். பட்டதெல்லாம் ஒன்றுமில்லை என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டியதில்லை.

யோவான் 20-ஐ ஒரு நாள் தனியாக, மெதுவாக வாசித்துப் பாருங்கள். முடிந்தால் அப்பாவின் கல்லறைக்குப் போய், அவரிடம் சொல்லாமல் விட்டதைச் சத்தமாகச் சொல்லுங்கள். ஆறு மாதம் ஆகியும் ஒன்றும் மாறவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்குப் பதினோரு மாதம் ஆனது.