வராத பதார்த்தத்துக்குப் பில், கேட்காத சர்வீஸ் சார்ஜ்: பணத்தைத் திரும்ப வாங்க முடியுமா?

கேள்வி: அப்பா அம்மாவின் நாற்பதாவது திருமண நாளுக்காக நாங்கள் எட்டுப் பேர் ஒரு ரெஸ்டாரண்டுக்குப் போனோம். ஆர்டர் கொடுத்து முக்கால் மணி நேரம் கழித்துத்தான் சாப்பாடு வந்தது, அதிலும் பாதி ஆறிப்போயிருந்தது. ஒரு பதார்த்தம் கடைசிவரை வரவே இல்லை. ஆனால் பில்லில் அதற்கு 360 ரூபாய் போட்டிருந்தார்கள். கேட்காமலே மேஜையில் வைத்த தண்ணீர் பாட்டில்களுக்கு எம்.ஆர்.பி.யைவிட அதிக விலை. எல்லாம் சேர்ந்து 6,000 ரூபாய். அதன் மேல் 10 சதவீத சர்வீஸ் சார்ஜ் 600, இரண்டையும் கூட்டி அதற்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. 330 என்று மொத்தம் 6,930 ரூபாய். மேனேஜரிடம் கேட்டதற்கு, "மெனு கார்டுலயே போட்டிருக்கே மேடம், பார்த்துட்டுத்தானே ஆர்டர் குடுத்தீங்க?" என்றார். அப்பாவோ, "இன்னிக்குப் போய் எதுக்கும்மா சண்டை, குடுத்துட்டு வா" என்றார். யு.பி.ஐ.யில் கட்டிவிட்டு வந்துவிட்டேன். இனி ஏதாவது செய்ய முடியுமா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: முடியும். பணத்தைக் கட்டிவிட்டதால் உங்கள் உரிமை போய்விடவில்லை. பெற்றோரின் நல்ல நாளில் சத்தம் போட வேண்டாம் என்று நீங்கள் கொடுத்துவிட்டு வந்ததைச் சட்டம் சம்மதமாக எடுத்துக்கொள்வதில்லை.

முதலில் உங்கள் குறைகளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சாப்பாடு தாமதமானது, ஆறிப்போனது, ருசி இல்லை என்பவை ஒரு பக்கம். பில்லில் உள்ளவை இன்னொரு பக்கம். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் பக்கத்தைத்தான் கோபமாகச் சொல்வார்கள். வழக்கில் பலம் இருப்பதோ இரண்டாவது பக்கத்தில். ருசி ஆளுக்கு ஆள் வேறு, ஆறிப்போன சாப்பாட்டை மூன்று மாதம் கழித்து யாரும் தொட்டுப் பார்க்க முடியாது. அதைச் சேவைக் குறைபாடு என்று புகாரில் சேர்க்கலாம், தவறில்லை. ஆனால் புகார் அதை நம்பி நிற்கக் கூடாது. கெட்டுப்போன உணவோ, சாப்பிட்டு உடம்புக்கு முடியாமல் போனதோ என்றால் கதை வேறு. அப்போது மருத்துவச் சீட்டோடு உணவுப் பாதுகாப்புத் துறைக்கே போக வேண்டும்.

இனி பில்லுக்கு வருவோம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், ஓட்டல்கள் சர்வீஸ் சார்ஜைத் தாமாகப் பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது, அது வாடிக்கையாளர் விருப்பம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கின்றன. சர்வீஸ் சார்ஜை உணவுத் தொகையோடு கூட்டி, மொத்தத்துக்கும் ஜி.எஸ்.டி. போடக் கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. உங்கள் பில்லில் இரண்டுமே நடந்திருக்கிறது. 6,000 ரூபாய்க்கு 5 சதவீதம் 300தான். மீதி 30 ரூபாய், விருப்பமில்லாமல் வாங்கிய 600 ரூபாய்க்குப் போட்ட வரி. தொகை சிறிதுதான், ஆனால் புகாரில் இந்த 30 ரூபாயைத் தனியாக எழுதுங்கள். தவறு எப்படி நடந்தது என்பதை அது பளிச்சென்று காட்டிவிடும்.

அந்த நெறிமுறைகளை எதிர்த்து ஓட்டல் உரிமையாளர் சங்கங்கள் டில்லி உயர் நீதிமன்றம் போயின. ஆரம்பத்தில் இடைக்காலத் தடை கிடைத்தது. ஆனால் 2025 மார்ச் 28 அன்று தனி நீதிபதி அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்து, நெறிமுறைகள் செல்லும் என்று தீர்ப்பளித்தார். கட்டாய சர்வீஸ் சார்ஜ் நியாயமற்ற வணிக நடைமுறை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ஆகவே மெனு கார்டின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது என்ற மேனேஜரின் பதில் நிற்காது. சங்கங்கள் மேல்முறையீட்டுக்குப் போயிருக்கின்றன என்பதையும் நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஜி.எஸ்.டி. அப்படியல்ல. அது அரசுக்குப் போகும் வரி, மறுக்க முடியாது. ஆனால் அதை வசூலிக்கிற ஓட்டலுக்கு அந்த உரிமை உண்டா என்று பாருங்கள். பில்லில் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண் இருக்க வேண்டும். அதை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டால் நிறுவனத்தின் பெயரும் பதிவு வகையும் வந்துவிடும். காம்போசிஷன் திட்டத்தில், அதாவது சிறு வணிகர்கள் தங்கள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைத் தாங்களே வரியாகக் கட்டிவிடும் முறையில், இருப்பவர் வாடிக்கையாளரிடம் தனியாக ஜி.எஸ்.டி. வசூலிக்கவே கூடாது.

வராத பதார்த்தத்துக்கு வாங்கிய 360 ரூபாயில் வாதத்துக்கே இடமில்லை, திருப்பித்தான் ஆக வேண்டும். தண்ணீர் பாட்டில் விஷயத்தில் மட்டும் உங்களுக்கு ஏமாற்றமான பதில். ஓட்டலில் உட்கார்ந்து குடிக்கும் பாட்டிலுக்கு எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. திறக்காமல் அப்போதே திருப்பியிருந்தால் வேறு. குடித்துவிட்டதால், அதைப் புகாரில் சேர்க்காதீர்கள். நிற்காத ஒரு குறை நிற்கும் குறைகளையும் இழுத்துக்கொண்டு விழும்.

கணக்கு இப்படி: வராத பதார்த்தம் போக 5,640, வரி 282, ஆக நீங்கள் தந்திருக்க வேண்டியது 5,922. கூடுதலாக வாங்கியது 1,008 ரூபாய்.

இன்றே அந்தப் பில்லைப் போட்டோ எடுத்து, ஜெராக்ஸும் போட்டுவையுங்கள். பில் தாளில் எழுத்து சீக்கிரம் வெளுத்துப் போகும். வெறும் வெள்ளைத் தாளோடு வந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். யு.பி.ஐ. ரசீது, மெனு கார்டைப் படம் எடுத்திருந்தால் அது, உங்கள் குடும்பத்தார் வாட்ஸ்ஆப்பில் "இன்னும் வரலையா" என்று போட்டுக்கொண்ட செய்திகள், எல்லாமே சாட்சி.

பிறகு அந்த ரெஸ்டாரண்டுக்கு மின்னஞ்சலில் நிதானமாக எழுதுங்கள். 1,008 ரூபாயைப் பதினைந்து நாளில் திருப்பித் தரும்படி, கணக்கோடு. பதில் இல்லையென்றால் 1915க்கு அழையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் அது, தமிழிலும் பேசலாம். அவர்கள் நிறுவனத்தோடு பேசிப் பார்ப்பார்கள், பல ஓட்டல்கள் அந்தக் கட்டத்திலேயே பணத்தைத் தந்துவிடுகின்றன. மாவட்ட ஆட்சியரிடமும் மனு கொடுக்கலாம்.

அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவே தாக்கல் செய்யலாம். கூடுதல் தொகையோடு மன உளைச்சலுக்கு இழப்பீடும் வழக்குச் செலவும் கேளுங்கள், ஆனால் லட்சக்கணக்கில் கேட்டால் புகாரின் கண்ணியம் குறைந்துவிடும்.

சாப்பிட்டதற்குப் பணம் கொடுத்துவிட்டு சர்வீஸ் சார்ஜை மட்டும் மறுப்பது குற்றமல்ல. அதற்காக ஓட்டல்காரர்கள் வாசலை மறித்து நின்றால், முறையற்ற தடுப்பு என்று பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த சட்டம்) 126ஆம் பிரிவின் கீழ் அவர்கள்மீதுதான் புகார் வரும். அடுத்த முறை மேனேஜர் குரலை உயர்த்தினால் இதை மெதுவாகவே சொல்லுங்கள்.

வழக்குக்கான காலக்கெடு சம்பவம் நடந்த நாளிலிருந்து 2 ஆண்டு. அவ்வளவு நாள் காத்திருக்காமல் இந்த வாரமே மின்னஞ்சலை அனுப்பிவிடுங்கள்.